இறுக்கமா, பலவீனமா? தசை இழுப்பின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

"இந்த இடம் ரொம்ப இறுக்கமா இருக்கு." பயிற்சி செய்கிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். உடனே அந்த இடத்தை இழுத்து நீட்டுவார்கள், ரோலரில் உருட்டுவார்கள், அரை மணி நேரம் சுகமாக இருக்கும், மறுநாள் காலையில் அதே இடம், அதே இறுக்கம். மாதக்கணக்கில் இப்படியே ஓடும். இறுக்கம் என்பது ஓர் உணர்வு, அவ்வளவுதான், அது அளவு கிடையாது. தசை நிஜமாகவே குட்டையாகிப் போனதால் அந்த உணர்வு வரலாம். பலவீனமான தசை தன் சக்திக்கு மீறிய வேலையைச் சுமப்பதால் வரலாம், ஏற்கெனவே இழுபட்ட நிலையிலேயே நாள் முழுக்க நிற்பதால் வரலாம், பக்கத்து மூட்டில் வலியோ வீக்கமோ இருந்து தசை அதற்குக் காவல் நிற்பதாலும் வரலாம், சில நேரம் அது தசையே கிடையாது, நரம்பு. இத்தனை காரணத்துக்கும் ஒரே ஸ்ட்ரெச் எப்படி மருந்தாகும்?

அதனால் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். முதலில் சோதனை, அப்புறம் ஒரே ஒரு மாற்றம், உடனே மறுபடியும் அதே சோதனை. இரண்டு மூன்று விஷயங்களை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். எண்களை எழுதி வையுங்கள், இடது வலது இரண்டுக்கும்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. இரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலி, கால் மரத்துப் போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபடுவது, "டப்" என்ற சத்தத்தோடு வந்த வலி, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றமோ இரு தொடைகளுக்கு நடுவே மரப்போ இருந்தால் அன்றே, அவசரச் சிகிச்சைக்கு.

தொடையின் பின்பக்கம் எப்போதும் இழுக்கிறது, எவ்வளவு ஸ்ட்ரெச் செய்தாலும் திரும்ப வருகிறது

ஹாம்ஸ்ட்ரிங். அதிகம் தவறாகக் கையாளப்படும் தசை இதுதான் என்பேன், அதனால் இதற்குக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன்.

முதலில் நரம்பா என்று பாருங்கள். மேஜை விளிம்பில் கால் தொங்க உட்காருங்கள், முதுகைத் தளர்த்திக் கூன் போடுங்கள், தாடையை நெஞ்சோடு ஒட்டுங்கள், இப்போது ஒரு முட்டியை மெதுவாக நீட்டுங்கள். தொடைக்குப் பின்னால் அந்தப் பழகிய இழுப்பு வந்ததும் காலை அப்படியே நிறுத்திவிட்டு, தலையை மட்டும் நிமிர்த்துங்கள். கால் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் இழுப்பு குறைந்தது என்றால், அது முழுக்க ஹாம்ஸ்ட்ரிங்காக இருக்க முடியாது, ஏனென்றால் ஹாம்ஸ்ட்ரிங் கழுத்தோடு ஒட்டியில்லை. தலையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கால்வரை தொடர்ந்து வருவது நரம்பு மண்டலம்தான். இங்கே நீண்ட நேரம் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெச் நரம்பை இன்னும் எரிச்சல் படுத்தும். அதற்குப் பதிலாக வழுக்க விடுங்கள்: முட்டியை நீட்டும்போது தலை நிமிரட்டும், முட்டியை மடக்கும்போது தலை குனியட்டும், ஊஞ்சல் மாதிரி 10 முதல் 15 தடவை, வலி வராத எல்லைக்குள். ஓரிரு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் பிசியோவிடம் (இயன்முறை சிகிச்சையாளரிடம்) காட்டி இடுப்பு முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தலையை நிமிர்த்தியும் இழுப்பு மாறவில்லையா? சரி, அடுத்தது இடுப்பெலும்பு. நிற்கும்போது இடுப்பு முன்பக்கம் சரிந்து, பின்முதுகு வளைந்து இருப்பவர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் ஏற்கெனவே நீண்ட நிலையில்தான் இருக்கும். ஹாம்ஸ்ட்ரிங்கின் மேல்முனை உட்காரும் எலும்பில் ஒட்டியிருக்கிறது, இடுப்பு முன்னால் சரிந்தால் அந்த எலும்பு மேலே ஏறித் தசையை இழுக்கும். இழுத்துக் கட்டிய கயிற்றைப் பார்த்து "இறுக்கமா இருக்கே, இன்னும் இழுப்போம்" என்று சொல்வது போலத்தான் இவர்கள் செய்யும் ஸ்ட்ரெச். சோதனை எளிது: குனிந்து கால் விரலைத் தொட முயன்று எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பாருங்கள். பிறகு மல்லாந்து படுத்து, பாதங்களைச் சுவரில் வைத்து, இடுப்பும் முட்டியும் 90 பாகையில் மடங்கியிருக்க, குதிகாலால் சுவரைக் கீழ்நோக்கி இழுப்பது போல அழுத்தி, வாலெலும்பு மட்டும் தரையிலிருந்து லேசாக எழும்ப, வாய் வழியாக மூச்சை முழுசாக வெளியே விடுங்கள், ஐந்து மூச்சு. எழுந்து மறுபடி குனியுங்கள். நீட்டவே நீட்டாமல் சில சென்டிமீட்டர் கூடுதலாக எட்டினால் உங்களுக்குத் தேவை ஸ்ட்ரெச் இல்லை என்பது தெளிவு. வயிற்றுத் தசை, பிட்டத் தசை வேலைதான்.

மூன்றாவது, பலம். சுமார் 60 சென்டிமீட்டர் உயரப் பெட்டி அல்லது பெஞ்சில் ஒரு குதிகாலை வைத்து, முட்டி லேசாக மடங்க, மற்றக் காலைத் தூக்கிப் பிடித்து, இடுப்பை மேலே தூக்கி இறக்குங்கள். எத்தனை முறை வருகிறது? 20க்குக் கீழே என்றால் பலவீனம், 25 சுமார், 30ஐத் தாண்டினால் நல்லது. இடதுக்கும் வலதுக்கும் ஐந்தாறு எண்ணிக்கை வித்தியாசம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் வலது காலை நான் இரண்டு வருடம் நீட்டிக்கொண்டிருந்தேன். இந்தச் சோதனையைச் செய்த அன்று இடது 27, வலது 14. அந்த இறுக்கம், களைத்துப்போன தசை எழுப்பிய கூக்குரல். பலப்படுத்திய ஏழாவது எட்டாவது வாரத்தில்தான் இழுப்பு இல்லாமல் முதல் முறை வேகமாக ஓடினேன்.

பலப்படுத்த ரொமேனியன் டெட்லிஃப்ட் (கையில் எடையோடு, முதுகு நேராக, இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), ஒற்றைக்கால் பிரிட்ஜ் (மேலே சொன்ன சோதனை மாதிரி ஒரு காலில் இடுப்பைத் தூக்குவது), அப்புறம் நார்டிக் பயிற்சி. முட்டி போட்டு நிமிர்ந்து நின்று, யாராவது கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய்வதுதான் நார்டிக். இதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஆசையில் முதல் நாளே 30 தடவை செய்துவிடாதீர்கள், மூன்று நாள் படியிறங்க முடியாது. முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 தடவையாக 2 செட். இரண்டாவது வாரம் இரண்டு நாள், 6 தடவையாக 2 செட். பிறகு மெல்ல ஏற்றுங்கள். தசை நீளும்போது சுமை தாங்கும் இந்த மாதிரிப் பயிற்சி தசை இழைகளையும் நீளமாக்குகிறது, அதாவது வெறும் ஸ்ட்ரெச்சில் தேடிய நெகிழ்வு இதிலேயே கிடைக்கும்.

மூன்றும் இல்லை, மல்லாந்து படுத்து நேராகத் தூக்கிய கால் 70 பாகையைக்கூட எட்டவில்லை, இரண்டு பக்கமும் அப்படித்தான் என்றால், ஆமாம், நிஜமான குறுக்கம் இருக்கலாம். அப்போது தாராளமாக ஸ்ட்ரெச் செய்யுங்கள். ஒரு தடவைக்கு 30 விநாடி, ஒரு தசைக்கு வாரம் முழுக்கச் சேர்த்து குறைந்தது 5 நிமிடம், வாரத்தில் ஐந்து நாளாவது. ஒரே நாளில் மொத்தமாகச் செய்து முடிப்பதில் பயன் குறைவு.

ஸ்குவாட்டில் (உட்கார்ந்து எழும் பயிற்சியில்) குதிகால் எழும்புகிறது, அல்லது முட்டி உள்ளே மடங்குகிறது

இடுப்பைக் குறை சொல்லும் முன் கணுக்காலைப் பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று, பாதம் சுவருக்கு நேராக இருக்க, குதிகால் தரையை விடாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு தாளை வைத்து, அதை இன்னொருவர் இழுத்துப் பார்க்கட்டும். தாள் உருவிக்கொண்டு வந்தால் குதிகால் எழும்பிவிட்டது, அந்த அளவு செல்லாது. நாமே பார்த்தால் நமக்குத் தெரியாது, நம் உடம்பு நம்மை ஏமாற்றுவதில் கெட்டி. 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாகப் போதும். இரு பக்கத்துக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும், குறிப்பாக முன்பு சுளுக்கிய கணுக்காலில்.

அந்தக் கடைசிப் புள்ளியில் எங்கே தடுக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியில் இழுத்தால் தசை. கணுக்காலின் முன்பக்கம் ஏதோ இடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தால் மூட்டு, அங்கே கெண்டைக்காலை எத்தனை நாள் நீட்டினாலும் ஒன்றும் நடக்காது. மூட்டுத் தடைக்கு: ஒரு தடித்த ரப்பர் பேண்டைப் பின்னால் கட்டி, கணுக்கால் முட்டு எலும்புகளுக்குச் சற்றுக் கீழே பாதத்தின் முன்மடிப்பில் மாட்டி, அது பின்னால் இழுக்க, முட்டியை முன்னால் 15 தடவை கொண்டு போங்கள். உடனே சுவர்ச் சோதனை. ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் சரியான வழியில் இருக்கிறீர்கள். தசைக்கு: முட்டியை மடக்கி வைத்துக்கொண்டு குதிகால் தூக்கி இறக்கும் பயிற்சி, படியின் விளிம்பில், கீழே போகும்போது நன்றாக இறங்கி. முட்டி மடங்கினால்தான் அடியில் இருக்கும் சோலியஸ் என்ற கெண்டைக்கால் தசை முழு வேலை செய்யும், முட்டி நேராக இருந்தால் மேலே இருக்கும் பெரிய தசையும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் வேண்டும். ஒற்றைக் காலில் நேர்முட்டியோடு 25 தடவை குதிகால் தூக்க முடியவில்லை என்றால் அங்கேயும் பிரச்சினை பலம்தான்.

கணுக்கால் இரண்டும் நன்றாக இருந்தும் முட்டி உள்ளே போகிறதா? குதிகாலுக்கு அடியில் மெல்லிய தட்டு ஏதாவது வைத்து ஸ்குவாட் செய்யுங்கள். சரியாகிவிட்டால் சுவர்ச் சோதனையைத் தவறாகச் செய்திருக்கிறீர்கள், திரும்ப அளந்து பாருங்கள். அப்படியும் உள்ளேதான் போகிறது என்றால் இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்குப் பலம் போதவில்லை. பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையிலும் பாதத்திலும் உடம்பைத் தூக்கிப் பிடிப்பது), ஒற்றைக்கால் படி ஏறுதல், கண்ணாடி முன் மெதுவாக.

இடுப்பின் முன்பக்கம் இறுக்கம்

ஒரு மேஜை விளிம்பில் உட்கார்ந்து, ஒரு முட்டியை மார்போடு கட்டிக்கொண்டு மல்லாந்து படுங்கள், மற்றக் காலைத் தொங்க விடுங்கள். பின்முதுகு மேஜையில் பதிந்திருக்க வேண்டும், வளைந்தால் சோதனை பொய் சொல்லும். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எலும்பு மருத்துவர் ஹ்யூ ஓவன் தாமஸ் பெயரால் அழைக்கப்படும் சோதனையின் இன்றைய வடிவம் இது. தொங்கும் தொடை மேஜை மட்டத்துக்கு மேலே நின்றால் இடுப்பை மடக்கும் ஆழமான தசை குறுகியிருக்கிறது. தொடை கீழே வருகிறது ஆனால் முட்டி நீண்டுகொண்டு நிற்கிறது என்றால் தொடையின் முன்தசை. தொடை வெளிப்பக்கம் விலகிப் போனால் இடுப்பின் பக்கத் தசை.

எல்லாம் நன்றாகத் தொங்குகிறது, ஆனாலும் இறுக்கமாக உணர்கிறீர்கள் என்றால், நின்றுகொண்டு ஒரு முட்டியைக் கையால் இடுப்புக்கு மேலே தூக்கிக் கையை விட்டுவிடுங்கள். 10 விநாடிக்குள் தொடை சரிந்தாலோ, இடுப்பில் தசைப்பிடிப்பு வந்தாலோ, அந்தத் தசைக்குப் பலம் போதவில்லை. பாதத்தில் பேண்டு மாட்டி முட்டியைத் தூக்கும் பயிற்சியை 8 தடவையாக 3 செட் செய்யுங்கள். ஓட்டக்காரர்களும் உதைக்கும் விளையாட்டுக்காரர்களும் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், நீட்டுவதை மட்டும் விடாமல் செய்கிறார்கள்.

முட்டியின் வெளிப்பக்கம் வலி, தொடைப் பக்கவாட்டில் கம்பி மாதிரி

இடுப்பிலிருந்து முட்டிவரை தொடையின் வெளிப்பக்கம் ஓடும் அந்தப் பட்டை (ஐடி பேண்டு) தடித்த இணைப்புத் திசு. ரோலரில் உருட்டி அதை நீளமாக்க முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு உருட்ட வேண்டிய அவசியமே இல்லை. உருட்டியபின் சில நிமிடம் வலி மட்டுப்படும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஓட்டத்தின் அளவைக் குறையுங்கள், இறக்கத்தில் ஓடுவதை நிறுத்தி வையுங்கள், காலடியை லேசாகக் குட்டையாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இடுப்பின் பக்கத் தசைகளுக்குச் சுமை கொடுங்கள்.

தொடை இடுக்கில் இழுப்பு

முட்டிகளுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து அழுத்திப் பாருங்கள். வலியோ பலக்குறைவோ இருந்தால் நீட்டுவதை விட்டுவிட்டு, முதலில் வலி இல்லாத அழுத்தப் பிடிப்பு, பிறகு கோபன்ஹேகன் பயிற்சி, அதாவது மேல்காலை பெஞ்சில் வைத்துப் பக்கவாட்டில் உடம்பைத் தூக்குவது. முட்டியை பெஞ்சில் வைத்து ஆரம்பியுங்கள், பாதத்தை வைத்துச் செய்வது பிறகு. நார்வேயில் கால்பந்து ஆண்கள் அணிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் இந்த ஒரே பயிற்சி இடுக்குப் பிரச்சினைகளை 41 சதவீதம் குறைத்தது.

எறியும் தோள் உள்பக்கம் திரும்பவில்லை

மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில் 90 பாகை விரித்து, முழங்கையையும் 90 பாகை மடக்கி, இன்னொருவர் தோளின் முன்பக்கத்தை மெல்ல அழுத்திப் பிடிக்க, கையை உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பி இரண்டையும் அளக்கவும். எறியும் கை உள்ளே குறைவாகவும் வெளியே அதே அளவு கூடுதலாகவும் திரும்பி, மொத்தக் கோணம் மற்றக் கைக்குச் சமமாக இருந்தால் கை வைக்காதீர்கள். சிறுவயதிலிருந்து எறிந்ததால் மேற்கை எலும்பே அப்படித் திருகி வளர்ந்திருக்கிறது, அது அந்த விளையாட்டுக்கு உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு. மொத்தக் கோணமும் குறைந்து, உள்திருப்பத்தில் 20 பாகை அளவுக்கு இழப்பு இருந்தால்தான் தோளின் பின்பக்கத்தை நீட்ட வேண்டும்: கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து 30 விநாடி, 5 தடவை. கூடவே வெளித்திருப்பும் தசைகளுக்குப் பேண்டு பயிற்சி, எறியும் வேகத்தை நிறுத்துவது அவைதான்.

கழுத்தும் தோளின் மேற்பக்கமும் கல் மாதிரி

செக் நாட்டு மருத்துவர் விளாடிமிர் யாண்டா எந்தத் தசைகள் இறுகும், எவை தளரும் என்று குறுக்குக் கோடு போட்டு ஒரு வரைபடம் தந்தார். கழுத்துப் பின்பக்கமும் மார்பும் இறுகும், தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளும் கழுத்தின் முன்பக்க ஆழத் தசைகளும் தளரும். தொடங்குவதற்கு நல்ல வரைபடம், ஆனால் எல்லா உடம்பும் அதன்படி நடப்பதில்லை. கூன் விழுந்த எல்லாருக்கும் வலி இருப்பதுமில்லை. கழுத்தைச் சாய்த்து நீட்டுவதைப் பாதியாகக் குறைத்து, ரோயிங்கும் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது) எடையோடு தோள் தூக்குவதும் ஆறு வாரம் செய்து பாருங்கள்.

காயத்துக்குப் பிறகு ஒரு கால் மெலிந்துவிட்டது, பலமும் திரும்பவில்லை

முட்டிக் காயம், அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்து மாதங்கள் ஆகியும் தொடையின் முன்தசை வளரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, முட்டி இன்னும் வீங்குகிறதா என்பதுதான். மூட்டுக்குள் 20, 30 மில்லி நீர் சேர்ந்தாலே போதும், முட்டியின் உள்பக்கத் தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலம் அடக்கிவிடும். கண்ணுக்கே தெரியாத வீக்கம் அது. இந்த நிலையில் எவ்வளவு எடை தூக்கினாலும் தசை முழுதாக விழிக்காது, பக்கத்துத் தசைகள் அந்த வேலையைத் திருடிக்கொள்ளும். முதலில் வீக்கத்தை இறக்குங்கள்: முட்டியைச் சுற்றி அளந்து தினமும் குறியுங்கள், பயிற்சிக்கு மறுநாள் காலையில் அளவு கூடியிருந்தால் நேற்றைய சுமை அதிகம். பயிற்சிக்குச் சற்று முன் ஐஸ் வைப்பதும், பிசியோ மேற்பார்வையில் தசையை மின்சாரத்தால் தூண்டுவதும் அந்தக் கட்டளையை மீட்க உதவும்.

இரண்டாவது, உடம்பு ஏமாற்றுவதைப் பிடியுங்கள். எடை பார்க்கும் கருவி இரண்டை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதத்தை வைத்து, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், இன்னொருவர் எண்ணைப் பார்க்கட்டும். "இரண்டு காலிலும் சமமாகத்தான் நிற்கிறேன்" என்று சத்தியம் செய்கிறவரின் கருவியில் ஒரு பக்கம் 45, மறுபக்கம் 25 என்று காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் இரு கால் ஸ்குவாட் ஒவ்வொன்றிலும் நல்ல காலைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு ஒற்றைக்கால் பயிற்சி: லெக் பிரஸ் (கருவியில் எடையைக் காலால் தள்ளுவது), படி ஏறுதல், ஸ்பிளிட் ஸ்குவாட் (ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் வைத்துச் செய்யும் ஸ்குவாட்). பலவீனமான காலை முதலில் செய்யுங்கள், அதில் எத்தனை வந்ததோ அத்தனைதான் நல்ல காலுக்கும். வாரம் இரண்டு மூன்று நாள். காலைக் கட்டுப்போட்டு அசைக்கவே முடியாத நாட்களில்கூட நல்ல காலின் பயிற்சியை நிறுத்தாதீர்கள், அதன் பலன் ஓரளவு மற்றக் காலுக்கும் போகிறது.

மூன்றாவது, களத்துக்குத் திரும்புவது. ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் தசை பலமும் நல்ல காலின் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அதில் ஒரு பொறி இருக்கிறது: மாதக்கணக்கில் ஓய்வில் இருந்ததால் நல்ல காலும் இளைத்துப் போயிருக்கும், இளைத்த காலோடு ஒப்பிட்டால் 90 சுலபமாக வந்துவிடும். காயத்துக்கு முன் எடுத்த அளவு ஏதாவது இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். முட்டியின் முன் குறுக்குத் தசைநார் (ACL) அறுவை சிகிச்சை செய்தவர்கள் 9 மாதத்துக்கு முன் திரும்பினால் மறுபடி காயப்படும் வாய்ப்பு தெளிவாகவே கூடுகிறது. பயிற்சியாளரோ அணியோ அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், முட்டி உங்களுடையது.

ஒரு பக்கம் பெரிதாக இருக்கிறது, ஆனால் வலியும் இல்லை, ஆட்டமும் கெடவில்லை

விட்டுவிடுங்கள். டென்னிஸ் ஆடுகிறவரின் ஆடும் கை தடித்திருக்கும், வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகின் ஒரு பக்கத் தசை பெருத்திருக்கும். கண்ணாடியில் தெரியும் வித்தியாசம் ஒரு நோய் இல்லை.

எல்லாம் செய்தும் மாற்றம் இல்லை

எத்தனை நாள் ஆயிற்று? மூட்டுத் தடை சில நாளில் அசையும். பலம் முதல் இரண்டு மூன்று வாரத்தில் கூடினால் அது பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொண்டது, தசையே வளர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். ஸ்ட்ரெச்சில் முதலில் கூடும் நெகிழ்வும் பெரும்பாலும் இழுப்பைத் தாங்கும் பழக்கம்தான், அதனால்தான் நான்கு நாள் விட்டால் திரும்பிப் போகிறது. வேகமான ஆட்டத்துக்கு முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டினால் அந்த நேரத்துக்குப் பலம் கொஞ்சம் குறையும், நீண்ட ஸ்ட்ரெச்சை ஆட்டத்துக்குப் பிறகு வையுங்கள். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்து, எழுதி வைத்த எண் ஒன்றுகூட நகரவில்லை என்றால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பிசியோவிடம் போங்கள். "இறுக்கமா இருக்கு" என்று சொல்வதற்குப் பதில் "வலது கணுக்கால் 6, இடது 10, முன்பக்கம் இடிக்கிறது" என்று சொன்னால் அவர் எங்கே தொடங்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.